மடக்கு லேப்டாப்: சார்ஜர் போட்டால் திரை தானாகத் தாவுகிறது, மடக்கி விரித்தால் கீபோர்டு எழுவதில்லை

பர்கூர் டீச்சர் | ஏப்ரல் 11, இரவு 9.52

எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகள் பதினெட்டுப் பேர். சாக்பீஸ் தூசி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. பேனாவால் திரையில் எழுதி, புரொஜெக்டர் வழியாகச் சுவரில் காட்டலாம் என்று மாசி மாதம் ஒரு மடக்கு லேப்டாப் வாங்கினேன். பெங்களூரில் ஒரு ரீஃபர்பிஷ்டு கடையில் 31,000 ரூபாய். 14 அங்குலத் திரை, 360 டிகிரி திரும்பும் ஹிஞ்சு, விண்டோஸ் 11, கூடவே பேனா. கடை வாரண்டி ஒரே மாதம், அது முடிந்துவிட்டது.

அந்த ஒரு மாதமும் ஒரு குறை இல்லை. பங்குனி பாதிக்கு மேல் மூன்று தொல்லைகள் ஆரம்பித்தன.

திரை தானாகத் தாவுகிறது. விரல் வைத்தால் பக்கம் தானே பெரிதாகிறது, மெனு திறக்கிறது, யாரோ பக்கத்தில் நின்று தொடுகிற மாதிரி இருக்கிறது. பேனாவால் கோடு போட்டால் நடுங்கி நடுங்கி விழுகிறது. பகலில் பாடம் தயார் செய்யும்போது பெரும்பாலும் சரியாக இருக்கும். சாயங்காலம் வகுப்பு ஆரம்பித்ததும் ஆட்டம் தொடங்கிவிடும்.

அடுத்தது, கூடாரம் மாதிரி மடக்கி வைத்துவிட்டுத் திரும்ப விரித்தால் கீபோர்டும் டச்பேடும் வேலை செய்வதில்லை. ரீஸ்டார்ட் செய்தால் சில நேரம் வருகிறது, சில நேரம் அதுவும் இல்லை.

மூன்றாவது, புரொஜெக்டர் மாட்டியபின் பேனாவை ஓரிடத்தில் வைத்தால் புள்ளி வேறெங்கோ விழுகிறது.

பக்கத்தில் ஒரு கடையில் காட்டினேன். ஐந்து நிமிடம் பார்த்தார்கள். டிஸ்ப்ளேயும் டச்சும் ஒட்டியே வரும், மொத்தமாக மாற்ற வேண்டும், 16,500 ஆகும் என்றார்கள். வாங்கின விலையில் பாதி. கொடுப்பதற்கு முன் இங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

மாங்கனி 635 | ஏப்ரல் 11, இரவு 10.24

டீச்சர், அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். டிரைவர், அதாவது திரையை விண்டோஸோடு பேச வைக்கிற சின்ன நிரல், குழம்பினாலும் இப்படி ஆகும். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர் திறங்கள். ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ் என்ற பிரிவில் ஹெச்ஐடி கம்ப்ளையன்ட் டச் ஸ்க்ரீன் என்று இருக்கும். அதை டிசேபிள் செய்து, பத்து நொடி விட்டு எனேபிள் செய்யுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள், விண்டோஸ் தானாகத் திரும்பப் போட்டுக்கொள்ளும். எனக்கு இப்படித்தான் சரியானது.

தர்மபுரி பட்டறை | ஏப்ரல் 12, காலை 8.10

பதினோரு வருடமாக லேப்டாப் வேலை பார்க்கிறேன். இந்த மூன்றையும் ஒரே நோய் என்று நினைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். மூன்றுக்கும் மூன்று காரணம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு விஷயம். ஷட் டவுன் கொடுத்துத் திறந்தால் லேப்டாப் புதிதாகத் தொடங்கியது என்று நினைப்போம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் அப்படி இல்லை. விண்டோஸ் தன் உள்நிலையை வட்டில் எழுதி வைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். குழம்பிய டிரைவர் குழம்பியபடியே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால் முழுதாகப் புதிதாகும். இல்லையென்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். மேலே நண்பர் சொன்ன டிரைவர் வேலையையும் அப்படிச் செய்து பாருங்கள், கெடுதல் ஒன்றும் இல்லை.

ஆனால் நீங்கள் எழுதியதில் எனக்குப் பட்டது "சாயங்காலம் ஆரம்பித்ததும்" என்ற வார்த்தைதான். டிரைவருக்குக் காலை மாலை தெரியாது. சாயங்காலம் நீங்கள் மாற்றிச் செய்வது என்ன? சார்ஜர் போடுகிறீர்களா? புரொஜெக்டர் மாட்டுகிறீர்களா? இன்று இதைச் செய்யுங்கள்: முழு சார்ஜ் ஏற்றி, சார்ஜரைச் சுத்தமாகக் கழற்றி, புரொஜெக்டர் ஒயரையும் எடுத்துவிட்டு அரை மணி நேரம் எழுதுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் போட்டு எழுதுங்கள். என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

கூடவே லேப்டாப்பை மேசைமேல் மூடி வைத்து, குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். நடுவில் உப்பியிருக்கிறதா, டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா? பழைய பேட்டரி உப்பினாலும் திரையையோ டச்பேடையோ உள்ளிருந்து தள்ளும். அப்படியிருந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள், அதைச் சார்ஜ் போடக் கூடாது. திரைமேல் கண்ணாடி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள். உள்ளே காற்று புகுந்த ஸ்டிக்கர் டச்சைப் படுத்தும்.

கீபோர்டு விஷயம்: மடக்கினால் கை பட்டு எழுத்து விழக்கூடாது என்று லேப்டாப்பே கீபோர்டை நிறுத்திவிடும். மடக்கியிருக்கிறோமா இல்லையா என்பதை அறிய உள்ளே சென்சார் உண்டு. பல மாடல்களில் காந்தத்தை வைத்துத்தான் அது கண்டுபிடிக்கும். விரித்த பிறகும் மடக்கியே இருப்பதாக அது நம்பிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் காந்தம் எதுவும் வைக்கிறீர்களா? காந்த மூடி போட்ட போன் உறை, கைப்பை கொக்கி, அப்படி எதுவும்?

பர்கூர் டீச்சர் | ஏப்ரல் 12, இரவு 9.15

சார், கண் கலங்கிவிட்டது. கீபோர்டுக்குக் காரணம் ஒயிட்போர்டு டஸ்டர்! அதன் அடியில் காந்தம் இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் அதை லேப்டாப் மேலேயே, உள்ளங்கை வைக்கிற இடத்தில் வைத்துவிடுவேன். டஸ்டரை எடுத்துவிட்டு ஒரு முறை முழுக்க மடக்கி விரித்தேன், கீபோர்டு வந்துவிட்டது. திரும்ப வைத்தேன், போய்விட்டது. நான்கு முறை செய்து பார்த்துவிட்டேன்.

பேட்டரி உப்பவில்லை. ஸ்டிக்கர் இல்லை. திரை விஷயம்: சார்ஜர் இல்லாமல் நாற்பது நிமிடம் எழுதினேன். ஒரு தாவல்கூட இல்லை. சார்ஜர் போட்டதும் பேனாக் கோடு நடுங்க ஆரம்பித்தது. புரொஜெக்டரையும் மாட்டியதும் எழுதவே முடியவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். தானாக விழும் புள்ளிகள் எங்கு வேண்டுமானாலும் விழுவதில்லை. என் விரல் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே அல்லது நேர் கீழே, ஒரே வரிசையில் விழுகின்றன.

அப்படியானால் சார்ஜரை மாற்ற வேண்டுமா?

மாங்கனி 635 | ஏப்ரல் 12, இரவு 9.40

டஸ்டர்! பத்து வருடம் யோசித்தாலும் எனக்கு அது தோன்றியிருக்காது. சார்ஜர் ஒரிஜினல்தானா டீச்சர்? போலிச் சார்ஜர் என்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தர்மபுரி பட்டறை | ஏப்ரல் 12, இரவு 10.05

ஒரே வரிசையில் விழுகிறது என்று கவனித்தீர்கள் பாருங்கள், அந்தக் கடையில் ஐந்து நிமிடத்தில் பார்த்திருக்க முடியாதது அது. திரைக் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் அருகே வந்தால் அந்த இடத்தில் மின்தேக்குத் திறன் மிக மிகச் சின்ன அளவில் மாறும். அந்த மாற்றத்தை வைத்துத்தான் விரல் எங்கே என்று கணக்குப் போடுகிறது. இப்போது சார்ஜர் வழியாக மின் இரைச்சல், அதாவது தேவையில்லாத மின் அதிர்வு, ஏறினால், விரல் வைத்ததும் அந்த இரைச்சலுக்கு உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போக ஒரு பாதை கிடைக்கிறது. விரல் தொட்ட கோடு முழுக்க அந்த இரைச்சல் தெரியும். அதனால்தான் அதே வரிசையில் பொய்த் தொடுதல்கள் விழுகின்றன. டச் பலகை கெட்டுப்போயிருந்தால் சார்ஜர் இல்லாதபோதும், விரல் வைக்காதபோதும் தாவும். உங்கள் டிஸ்ப்ளே நன்றாக இருக்கிறது, 16,500 மிச்சம்.

சார்ஜர் மூன்று முள் பிளக்கா? அதை எங்கே செருகுகிறீர்கள், சுவரிலா, ஜங்ஷன் பாக்ஸிலா? இது என் தொழிலைத் தாண்டிய விஷயம். பாலக்கோடு வயர்மேன் அண்ணன் இந்தக் குழுவில் இருக்கிறார், அவர் வந்தால் நல்லது.

ஊத்தங்கரை மாணவி | ஏப்ரல் 13, காலை 7.30

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். டீச்சர் இழையைப் படித்துவிட்டு என்னுடையதையும் கேட்கிறேன். என் மடக்கு லேப்டாப்பைத் திருப்பினால் திரை திரும்புவதில்லை. செட்டிங்ஸில் ரொட்டேஷன் லாக் இருக்கிறது, ஆனால் மங்கலாக, அழுத்த முடியாமல் இருக்கிறது. இன்னொன்று, தமிழில் டைப் செய்ய எதைப் போட வேண்டும்? பழைய ஆட்கள் எல்லாம் தமிழ் 99 என்கிறார்கள்.

ஓசூர் லினக்ஸ்காரன் | ஏப்ரல் 13, காலை 9.05

தங்கச்சி, கீபோர்டு விரித்த நிலையில் இருக்கும்போது அந்த ரொட்டேஷன் லாக் மங்கித்தான் இருக்கும், அது பழுது இல்லை. பின்பக்கமாக முழுதாக மடக்கிவிட்டுப் போய்ப் பார், அழுத்த வரும். விண்டோஸ் விசையோடு ஆங்கில ஓ எழுத்தை அழுத்தினாலும் அதே பூட்டுதான். மடக்கிய பிறகும் திரும்பவில்லை என்றால் சென்சார் டிரைவர் விட்டுப்போயிருக்கும். விண்டோஸ் அப்டேட்டில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் ஆப்ஷனல் அப்டேட்ஸ் பார். பத்தில் ஒருவராவது விண்டோஸ் 10-இல் இருந்ததைப் போல டேப்லெட் மோட் பட்டனைத் தேடுவார்கள். விண்டோஸ் 11-இல் அது இல்லை, மடக்கினால் தானாக மாறிக்கொள்ளும்.

தமிழுக்கு: டைம் அண்ட் லாங்க்வேஜ் பகுதியில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99-உம் கிடைக்கும், ஆங்கில ஒலிப்பில் அடிக்கிற ஃபோனெடிக்கும் கிடைக்கும். நீ புதிதாகக் கற்பதென்றால் தமிழ் 99 கற்றுக்கொள். உயிர் இடது கையில், மெய் வலது கையில். "அம்மா" அடிக்க நடுவில் புள்ளி விசையைத் தேட வேண்டியதில்லை, ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து வந்த கீபோர்டு அமைப்பு அது. இரண்டு வாரம் கை வலிக்கும், அப்புறம் அதை விடமாட்டாய். மொழி மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேஸும்.

நான் மடக்கு லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸ் வைத்திருக்கிறேன். திரை திரும்புவதற்கு ஐஐஓ சென்சார் ப்ராக்ஸி என்ற சின்ன நிரல் உள்ளே ஓடினால் போதும், டச்சும் பேனாவும் வேலண்ட் (திரையில் காட்டும் வேலையைப் பார்க்கிற லினக்ஸ் அமைப்பு) அமர்வில் நன்றாக வரும். உபுண்டு போடுகிறவர்கள் அழிப்பதற்கு முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். டச், பேனா, திரும்புதல், ஒலி நான்கும் வந்தால் மட்டும் போடுங்கள்.

பாலக்கோடு வயர்மேன் | ஏப்ரல் 13, மதியம் 2.40

இப்போதுதான் பார்த்தேன். டீச்சரம்மா, மூன்று கேள்வி. லேப்டாப்பின் உலோகப் பாகத்தை மெல்ல விரல் முதுகால் தடவினால் குறுகுறுவென்று இழுக்கிறதா? வீட்டில் கிரைண்டரையோ வாஷிங் மெஷினையோ ஈரக்காலோடு தொட்டால் சுள்ளென்று அடிக்கிறதா? சார்ஜரும் புரொஜெக்டரும் ஒரே ஜங்ஷன் பாக்ஸிலா?

பர்கூர் டீச்சர் | ஏப்ரல் 13, மாலை 4.10

அண்ணா, மூன்றுக்கும் ஆமாம். லேப்டாப் மூடியைத் தடவினால் பட்டுத்துணியைச் சொரசொரப்பான கையால் தடவின மாதிரி இருக்கும், அலுமினியம் என்றால் அப்படித்தான் போல என்று இருந்தேன். கிரைண்டர் அடிப்பதாக அத்தை ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், செருப்பு போட்டுக்கொண்டு மாவாட்டுகிறார். இரண்டும் ஒரே ஜங்ஷன் பாக்ஸ்தான்.

பாலக்கோடு வயர்மேன் | ஏப்ரல் 13, மாலை 5.00

செருப்பு போட்டு மாவாட்டுவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். கிரைண்டர் பிளக்கைக் கழற்றி வையுங்கள். லேப்டாப் பிறகு பார்க்கலாம், முதலில் அது. உங்கள் வீட்டில் எர்த் இல்லை, அல்லது இருந்தும் செத்துவிட்டது.

காரணம் சொல்கிறேன். லேப்டாப் சார்ஜர், புரொஜெக்டர் மாதிரி சாமான்களுக்குள்ளே இரைச்சலை எர்த்துக்கு இறக்கிவிடச் சின்னச் சின்ன மின்தேக்கிகள் வைத்திருப்பார்கள். ஒன்று பேஸிலிருந்து (கரண்ட் வரும் ஒயர்) எர்த்துக்கு, ஒன்று நியூட்ரலிலிருந்து (கரண்ட் திரும்பும் ஒயர்) எர்த்துக்கு. எர்த் நன்றாக இருந்தால் அந்த மிகச் சிறிய கசிவு மண்ணுக்குள் போய்விடும், யாருக்கும் தெரியாது. எர்த் அறுந்திருந்தால் அது போக இடமில்லை. அப்போது இரண்டு மின்தேக்கிக்கும் நடுவில் இருக்கிற உலோக உடம்பு, 230-இல் பாதி, சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு, அதனால் ஆளைப் பிடிக்காது, குறுகுறுக்கும். ஒரே எர்த் ஒயரில் இரண்டு மூன்று சாமான் மாட்டினால் கசிவெல்லாம் சேரும். புரொஜெக்டர் மாட்டியதும் அதிகமானது அதனால்தான்.

இதில் பயம் எங்கே என்றால், கிரைண்டர் மோட்டாரில் உள்ளே ஒயர் உரசி நேரடியாக உடம்பில் பட்டால், அதே மிதக்கும் எர்த் ஒயர் வழியாக அந்த 230-உம் லேப்டாப் வரைக்கும் வரும். குறுகுறுப்பு உங்களுக்கு முன்கூட்டி வந்த சேதி.

முதலில் ஜங்ஷன் பாக்ஸைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, பாக்ஸின் அடி ஸ்க்ரூவைத் திறந்து பார்க்கலாம். ஒயர் இரண்டா மூன்றா என்று எண்ணுங்கள்.

சூளகிரி நண்பன் | ஏப்ரல் 13, மாலை 6.25

எர்த் இல்லை என்றால் சுலபமான வழி இருக்கிறது. பிளக் பாயின்ட்டுக்குள் எர்த் ஓட்டையையும் நியூட்ரலையும் ஒரு சின்ன ஒயரால் சேர்த்துவிடுங்கள். எங்கள் தெருவில் நிறையப் பேர் செய்திருக்கிறார்கள், குறுகுறுப்பு நின்றுவிடும்.

பாலக்கோடு வயர்மேன் | ஏப்ரல் 13, மாலை 6.31

தம்பி, நல்லெண்ணத்தில் சொன்னீர்கள். ஆனால் இதை யாரும் செய்யாதீர்கள், செய்தவர்கள் இன்றே கழற்றுங்கள். நியூட்ரல் ஒயர் எங்காவது விட்டுப்போனால், காற்றடித்துக் கம்பத்தில் அறுந்தால்கூட, பேஸ் அந்தச் சாமான் வழியாகவே திரும்பி வந்து எர்த் ஓட்டைக்குள் நிற்கும். அப்போது கிரைண்டர், பிரிட்ஜ், லேப்டாப் எல்லா உலோக உடம்பிலும் முழு 230. யாரோ வேலை பார்த்து பேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்தாலும் அதே கதி. குறுகுறுப்பு நின்றதே என்று நினைத்து வெறுங்காலோடு நிற்பார்கள். இந்த வேலையைப் பார்த்த வீட்டுக்கு நான் துக்கத்துக்குப் போயிருக்கிறேன்.

சூளகிரி நண்பன் | ஏப்ரல் 13, இரவு 8.02

அண்ணா, எனக்கு இது தெரியாது. என் வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. நாளைக் காலையில் மெயினை நிறுத்தி, ஆள் வைத்துக் கழற்றிவிடுகிறேன்.

பர்கூர் டீச்சர் | ஏப்ரல் 14, காலை 11.20

எல்லோருக்கும் சித்திரை வாழ்த்துகள். ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தோம். மூன்று ஓட்டை சாக்கெட் நான்கு இருக்கிறது, உள்ளே வரும் ஒயரில் இரண்டே கம்பி. எர்த் ஓட்டைக்குப் பின்னால் வெறும் பித்தளைத் தகடு, அதில் எதுவும் சேரவில்லை. பச்சை ஒயரே கிடையாது.

உடனே சார்ஜரைச் சுவரிலேயே செருகிப் பார்த்தேன். நடுக்கம் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

பாலக்கோடு வயர்மேன் | ஏப்ரல் 14, மதியம் 12.15

சந்தையில் பாதி ஜங்ஷன் பாக்ஸ் அப்படித்தான். வாங்கும்போது ஒயரின் முனையைப் பாருங்கள், பச்சை அல்லது பச்சை மஞ்சள் சேர்த்து மூன்று கம்பி இருக்க வேண்டும். கையில் கனம் தெரியும்.

சுவரிலும் போகவில்லை என்றால் காரணம் எர்த் குழிதான், வீட்டு எர்த் ஒயர் மண்ணுக்குள் இறங்குகிற இடம். குழி எங்கே இருக்கிறது, வீடு கட்டி எத்தனை வருடம், கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினீர்கள்?

பர்கூர் டீச்சர் | ஏப்ரல் 14, மாலை 3.30

வீடு கட்டிப் பன்னிரண்டு வருடம். குழி பின்பக்கம், துவைக்கிற கல்லுக்கு ஓரத்தில். தண்ணீர் யாரும் தனியாக ஊற்றியதே இல்லை. முன்பெல்லாம் துவைக்கிற தண்ணீர் அங்கேதான் ஓடும். போன ஆடியில் வாஷிங் மெஷின் வாங்கினோம், இப்போது தண்ணீர் குழாய் வழியாக நேராகச் சாக்கடைக்குப் போய்விடுகிறது. கல் காய்ந்து கிடக்கிறது.

பாலக்கோடு வயர்மேன் | ஏப்ரல் 14, மாலை 3.50

கிடைத்துவிட்டது அம்மா. இத்தனை வருடம் துணி துவைத்த தண்ணீர்தான் உங்கள் எர்த்தைக் காப்பாற்றியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை ஈரம் மாசி வரைக்கும் தாக்குப் பிடித்தது, அதனால் முதல் மாதம் லேப்டாப் நன்றாக இருந்தது. பங்குனி வெயிலில் மண் காய்ந்ததும் எர்த் போய்விட்டது.

நம் பக்கத்து மண் அப்படி. பர்கூர் பக்கம் நான்கு அடி தோண்டினால் கருங்கல் பாறை. தண்ணீர் நிற்காது, காய்ந்த பாறைக்குள் கரண்ட் இறங்காது. தஞ்சாவூர்க் களிமண்ணில் சாதாரணமாக அடித்த குழாய் எர்த் கொடுக்கிற பலனை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் சித்திரை, வைகாசியில் நான் பார்க்கிற எர்த் புகாரில் முக்கால்வாசி இதுதான்.

உள்ளூர் வயர்மேனைக் கூப்பிடுங்கள். மீட்டரில் பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அதோடு நிறுத்த விடாதீர்கள். மீட்டர் கரண்டே எடுக்காது, அதனால் அரைகுறை எர்த்தும் நல்லதாகக் காட்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்க்க வேண்டும். நன்றாக எரிந்தால் எர்த் உண்டு, மங்கினால் இல்லை. ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்திவிடும் சுவிட்ச்) மாட்டியிருந்தால் பல்பு போட்டதும் டிரிப் ஆகும். இந்தச் சோதனையை நீங்கள் செய்யாதீர்கள், அவர் செய்யட்டும்.

குழாய் எர்த் என்றால் இரண்டரை மீட்டர், அதாவது எட்டேகால் அடி நீளம் மண்ணுக்குள் இருக்க வேண்டும். பாறை வந்துவிட்டது என்று குழாயை அறுத்துப் பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. ஒத்துக்கொள்ளாதீர்கள். ஐஎஸ் 3043 என்ற இந்தியத் தர விதியே இதற்கு வழி சொல்கிறது: பாறை தட்டினால் குழாயைச் சாய்த்துப் புதைக்கலாம், சாய்வு செங்குத்திலிருந்து 30 டிகிரிக்குள் இருக்கட்டும், நீளம் குறையக் கூடாது. அப்படியும் இடம் இல்லையென்றால் தள்ளி இன்னொரு குழாய் போட்டு இரண்டையும் இணைக்கலாம். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போர்டில் வைத்துவிடுங்கள். பிள்ளைகள் வந்து போகிற வீடு.

அரூர் ஓவியன் | ஏப்ரல் 15, இரவு 8.45

டீச்சரின் மூன்றாவது கேள்வி அப்படியே நிற்கிறதே. நான் திரையில் படம் வரைகிறவன், இரண்டாவது மானிட்டர் மாட்டினபோது எனக்கும் இதே ஆனது. லேப்டாப் திரையில் பேனா வைத்தால் அது புரொஜெக்டர் திரையில் வைத்ததாக விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது.

தேடலில் டேப்லெட் பிசி செட்டிங்ஸ் என்று அடியுங்கள், பழைய கன்ட்ரோல் பேனல் சன்னல் வரும். அதில் செட்டப் பட்டனை அழுத்தி, பென் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு திரை வெள்ளையாகி, இதைத் தொடு என்று எழுத்து வரும். எழுத்து சுவரில் வந்தால் என்டர் தட்டுங்கள், அடுத்த திரைக்குப் போகும். லேப்டாப் திரையில் வந்ததும் பேனாவால் தொடுங்கள். பிறகு டச்சுக்கும் ஒரு முறை இதே மாதிரி. பக்கத்தில் இருக்கிற கேலிப்ரேட் பட்டனைத் தொட வேண்டாம். இது இடம் மாறிய பிரச்சினை, அளவு மாறியது இல்லை. அதை அழுத்திக் குழப்பினவர்கள் ரீசெட் கொடுத்தால் பழையபடி வந்துவிடும்.

பேனா நுனி தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், உலோகம் வெளியே வந்து கண்ணாடியைக் கீறும். வேறு பேனா வாங்குவதென்றால் லேப்டாப் எந்த வகைப் பேனாவை ஏற்கும் என்று பார்த்து வாங்குங்கள். மைக்ரோசாஃப்ட் பென் புரோட்டோகால், வாக்கம் (Wacom) ஏஇஎஸ், யுஎஸ்ஐ என்று வகைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு உரியது மற்றொன்றில் எழுதாது. இரண்டு வகையில் எழுதும் பேனாக்களும் உண்டு. முன்னால் ரப்பர் குமிழ் வைத்த நூறு ரூபாய்ப் பேனா எல்லாத் திரையிலும் எழுதும், ஆனால் அழுத்தம் தெரியாது, உள்ளங்கை பட்டாலும் கோடு விழும். கணக்கு எழுத அது சரிப்படாது.

தர்மபுரி பட்டறை | ஏப்ரல் 16, காலை 8.30

எர்த் வேலை முடியும் வரை பகலில் சார்ஜ் ஏற்றி, வகுப்பில் பேட்டரியில் ஓட்டுங்கள் டீச்சர். அதற்குள் யாராவது பயாஸ் (லேப்டாப் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரல்) அப்டேட் செய்தால் எல்லாம் சரியாகும் என்று சொன்னால், அவசரப்படாதீர்கள். விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்திருந்தால் பல லேப்டாப்களில் வட்டு தானாகப் பூட்டப்பட்டிருக்கும். பயாஸ் மாறினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், முதலில் அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முந்தைய சொந்தக்காரர் கணக்கு உள்ளே இருந்தால் அதை நீக்கி, உங்கள் கணக்கைப் போட்டபின்தான் மற்றதெல்லாம்.

இன்னொன்று, திறக்கும்போது திரையின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்காதீர்கள். நடுவில் பிடியுங்கள். மடக்கு லேப்டாப் என்னிடம் வருவதில் ஹிஞ்சு உடைந்து வருவதுதான் அதிகம். ஒரு பக்கமாகத் தூக்கித் தூக்கி உள்ளே ஸ்க்ரூ பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கழன்றிருக்கும். திரைக்குப் போகும் ஒயரும் அந்த வழியாகத்தான் போகிறது.

ஊத்தங்கரை மாணவி | ஏப்ரல் 18, மாலை 6.00

முழுதாக மடக்கினதும் ரொட்டேஷன் லாக் அழுத்த வந்தது, திரை திரும்புகிறது. இந்தப் பதிவு தமிழ் 99-இல் அடித்தது. இருபது நிமிடம் ஆனது.

பர்கூர் டீச்சர் | மே 3, இரவு 9.30

தாமதத்துக்கு மன்னிக்கவும், குழி தோண்ட ஆள் கிடைக்கப் பத்து நாள் ஆனது. நடந்ததை முழுதாக எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

உள்ளூர் வயர்மேன் அண்ணன் மீட்டர் வைத்தார். பேஸ்–நியூட்ரல் 231. பேஸ்–எர்த் 118. பாலக்கோடு அண்ணன் இங்கே எழுதின பாதிக் கணக்கு அப்படியே. பல்பைப் போட்டார், இழைகூடச் சிவக்கவில்லை. பழைய குழியைத் தோண்டினபோது ஒயரைக் குழாயோடு பிடித்திருந்த கிளாம்ப் துருவாக உதிர்ந்து கையோடு வந்தது. பழைய குழாய் நான்கடிதான், பாறை தட்டினதும் அறுத்திருக்கிறார்கள்.

புதிதாகத் தோண்டியபோது நாலரை அடியில் பாறை. அவரும் அறுத்துவிடலாமா என்றுதான் கேட்டார். இந்த இழையைக் காட்டினேன். படித்துவிட்டு, சரி என்று பாறையின் ஓரத்தை ஒட்டிச் சாய்வாக வழி பிடித்தார். ஒரு நாள் வேலை இரண்டு நாள் ஆனது. முழு நீளக் குழாய், கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றப் புனல் வைத்து, திறக்கிற மாதிரி மூடி போட்டுக் கொடுத்தார். குழாய், கூலி, ஆர்சிசிபி, மூன்று கம்பி ஜங்ஷன் பாக்ஸ் எல்லாம் சேர்த்து 7,800 ரூபாய்.

இப்போது பேஸ்–எர்த் 229, நியூட்ரல்–எர்த் 2. ஆர்சிசிபி மாட்டுவதற்கு முன்பே பல்பைப் போட்டுக் காட்டினார், பளிச்சென்று எரிந்தது. நேற்று முழு வகுப்பும் சார்ஜர், புரொஜெக்டர் இரண்டும் மாட்டியே எடுத்தேன். இருபடிச் சமன்பாட்டு வரைபடம் போட்டேன், பரவளையம் வழவழவென்று வந்தது. ஓவியர் தம்பி சொன்ன செட்டப்பும் செய்துவிட்டேன், பேனா வைத்த இடத்தில் புள்ளி விழுகிறது. அத்தை வெறுங்காலோடு மாவாட்டுகிறார்.

ஒரு சந்தேகம். குழியில் எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் ஊற்ற வேண்டும்?

பாலக்கோடு வயர்மேன் | மே 4, காலை 6.50

மழை பிடிக்கும் வரைக்கும் வாரம் ஒரு முறை இரண்டு குடம். வாஷிங் மெஷின் அலசுகிற கடைசித் தண்ணீரைக் குழாய் திருப்பி அங்கே விட முடிந்தால் இன்னும் நல்லது, யாரும் ஞாபகம் வைக்க வேண்டியதில்லை. ஆர்சிசிபியில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும், மாதம் ஒரு நாள் அதை அழுத்திப் பாருங்கள், கரண்ட் போக வேண்டும். மூடியின் மேல் பூந்தொட்டி எதையும் வைத்துவிடாதீர்கள்.

பர்கூர் டீச்சர் | மே 4, காலை 7.15

தொட்டி வைத்திருந்தோம் அண்ணா. இப்போதே எடுத்துவிட்டேன்.